ஆறாம் ஞாயிற்றின் கூழ்

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பத்தாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சூரியன் குடாநாட்டுக்கு உச்சங்கொடுக்கும் நாட்கள் அவை. காலை ஒன்பது மணிக்கே குருநகரின் குறுகிய ஒழுங்கைகளில் நிழல் சுருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வடகிழக்கு வாடைக்காற்று விழுந்துவிட்டது, தென்மேற்குச் சோளகம் இன்னும் எழவில்லை. இடைப்பட்ட அந்த நாட்களில் கடல்நீரேரி எண்ணெய் வார்த்ததுபோல அசையாது கிடந்தது. தெற்கே ஒரு முகில் திரண்டு, எவருக்கும் பயன்படாமலே கலைந்துபோயிற்று.

குருத்தோலைப் பூசை முடிந்து வீடு திரும்பிய றஜனி, கோவிற் சேலையை மாற்றாமலே பின்வளவுச் சமையற்குசினிக்குச் சென்றாள். கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கோவில் நாட்காட்டியிலிருந்து கிழித்த பெப்ரவரித் தாள் அது. அதன் வெறும்பக்கத்தில், தவக்காலத்தின் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் உரிய மாலைச் சாப்பாட்டை அவள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும் முதல் ஞாயிற்றுக்கு. அரிசிமாவோடு பாதிக்குப் பாதி குரக்கன்மா கலந்த பிட்டும் முருங்கையிலைச் சொதியும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கு. அப்புறம் கஞ்சியும் சுட்ட கருவாடும், ரொட்டியும் கட்டைச்சம்பலும், ஐந்தாம் ஞாயிற்றுக்கு இடியப்பம். ஆறாவதற்கு எதிரே "கூழ்" என்று மட்டும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகள் இட்டிருந்தாள்.

ஒரு தேங்காயை இரண்டு வேளைக்கு ஆக்குவது எவ்வாறு என்பதை அந்த ஆறு வாரங்களில் அவள் கற்றுக்கொண்டாள். முதற்பால் பேத்திக்கு, இரண்டாம் பால் சொதிக்கு. பிழிந்த தேங்காய்ப்பூவை வறுத்துத் திங்கட்கிழமைச் சம்பலுக்கு வைத்துக்கொள்வாள். இறைச்சி ஏன் இல்லை என்று எவரும் கேட்கவில்லை. தவக்காலம் அல்லவா? இல்லாமையை நோன்பாகக் காட்டும் வசதியை அந்த ஆண்டு திருச்சபையே அவளுக்குத் தந்திருந்தது.

இந்த ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. றஜனியின் ஒரே மகன் சுபாஸ், மனைவி நிரோஜாவோடும் ஐந்து வயது மகள் லவீனாவோடும் பாசையூரில் வாடகை வீட்டில் இருந்தான். மண்ணெண்ணெய் இல்லாமையால் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து அவனுடைய படகு கடலுக்குச் செல்லவில்லை. ஒருநாள் தாய்வீட்டு வாசலில் நின்றபடியே, இனி இந்த நாட்டில் இருக்க ஏலாது, மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றுவதாகக் கேள்வி என்று அவன் சொன்னான். றஜனி ஞாயிற்றுக்கிழமைகளிலே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள். ஒரு பானையிலே உண்கிறவர்கள் பிரிந்துபோக மாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

அந்த நம்பிக்கையை அவளுக்கு அளித்தது அந்தக் குசினியே. எரிவாயு கிடையாமற் போன மார்கழியில், வீட்டினுள்ளே மாபிள் பதித்த புதிய குசினி வெறுமனே கிடக்க, இருபது ஆண்டுகளாக வலையும் மிதவையும் அடைந்து கிடந்த பின்வளவுக் குசினியை அவள் தனியாகவே ஒழித்துத் துப்புரவாக்கினாள். சுண்ணாம்புக்கல் சுவர், கரியேறிய ஓடு, முழங்கால் உயரத்துக்கு மண்ணால் எழுப்பிய மேடையில் மூன்று அடுப்புகள், மேலே புகைக்கூடு, மூலையில் அம்மி. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சவர்க்காரமும் விளக்கெண்ணெயும் இல்லாத ஆண்டுகளில், பதினொரு பேர் இந்த மூன்று அடுப்புகளால் உயிர் தப்பியிருந்தனர். அக்காலத்தில் அவள் இங்கேதான் தேங்காய் துருவினாள். அந்தப் பஞ்சத்தைக் கடத்திய அடுப்பு இந்தப் பஞ்சத்தையும் கடத்தும் என்பது அவளுடைய கணக்கு.

முதல் ஞாயிற்றில் சுபாஸ் மூன்றுமுறை கிழங்கு வாங்கித் தின்றான். புகைமணம் இல்லாத சாப்பாடு சாப்பாடே அல்ல என்று அவளுடைய கணவர் சிமியோன் பாராட்டினார். முழங்கால் தேய்ந்து கடற்றொழிலை மகனிடம் விட்டுவிட்ட மனிதர் அவர். படகையும் மகனுடைய பெயருக்கே மாற்றிக் கொடுத்திருந்தார். அன்றிரவு தாளில் முதல் வரியை வெட்டியபோது றஜனியின் நெஞ்சில் ஒரு வெற்றி இருந்தது. ஞாயிற்றுப் பானைக்காகத் திங்கள் முதல் சனி வரை தன் பங்கிலிருந்து நாளுக்கொரு பிடி அரிசியை அவள் எடுத்துவைத்தாள் என்பதைச் சிமியோனும் அறியார்.

இந்த ஆறாம் ஞாயிற்றில், நண்பகலுக்குச் சற்று முன்பு பின்படலையைத் திறந்துகொண்டு லியோன் வந்தான். பாசையூர்க் கடற்றொழிலாளி, எங்கிருந்தோ ஒரு பீப்பாய் மண்ணெண்ணெய் சேர்த்துவைத்திருந்தான் என்று ஊரில் பேச்சிருந்தது. அவனுடைய கையில் ஈரச்சாக்கு ஒன்று இருந்தது. அதைக் குசினிப்படியில் இறக்கி விரித்தான். இரண்டு கிலோவுக்குக் குறையாத முழுக் கொடுவா, செதில் கழற்றாமல், செட்டை வெட்டாமல், ஐஸ்துகள் ஒட்டியபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையில் குருநகரிலோ பாசையூரிலோ எவரும் கடலுக்குப் போவதில்லை. அது சனிக்கிழமை மீன்.

"வைச்சிட்டுப் போறன், றஜனியக்கா."

"என்ன அவசரம்? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்."

வேண்டாம் என்று தலையை அசைத்தான். அவளுடைய முகத்தைப் பாராமலே படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

றஜனி நெடுநேரம் அந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படகில் வேலைசெய்பவனுடைய வீட்டுக்குக் கறிமீன் வருவது வழக்கம். ஆதலின் சுபாஸ் லியோனோடு தொழிலுக்கு இறங்கிவிட்டான் என்று அவள் முடிவுசெய்தாள். தனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி கொடுக்க எண்ணி மகன் அதை மறைத்திருக்கிறான். ஐந்து வாரத்து அடுப்புப்புகை வீண்போகவில்லை. மீன்தலை இரண்டும் ஒரு பிடி இறாலும் என்று திட்டமிட்டிருந்த கூழுக்கு முழுக் கொடுவாவே வந்துவிட்டது. முதல்நாளே ஊறவைத்து, கசக்கும் கயர்ப்பு நீரை வடித்த, உலர்ந்த பனங்கிழங்கு மாவான ஒடியல்மாவை எடுத்துவைத்தாள். செத்தல் மிளகாயை அம்மியில் வைத்து அரைத்தபோது, பூசையில் கேட்ட பாட்டொன்றை அவளுடைய வாய் முணுமுணுத்தது.

அந்த ஓசையைக் கேட்டுச் சிமியோன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். மீனைக் கண்டார்.

"உதை ஆர் கொண்டந்தது?"

"லியோன். உங்கடை மோன் அவனோடை தொழிலுக்குப் போறான் போலை. வாய் திறந்தவனே? கள்ளன்."

"கையிலை தந்தவனோ, படியிலை வைச்சவனோ?"

அம்மிக்குழவி நின்றது.

அந்தக் கரையோர ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கூலிப்பங்குக் கறிமீன் கையிலே கொடுக்கப்படும். அது பலவகைச் சிறுமீன்களின் கலவையாக இருக்கும். படகு ஒன்று கைமாறினால், வாங்கியவன் அதில் முதல்முறை தொழில் செய்து வந்ததும், வலையில் பட்டதில் நல்ல மீன் ஒன்றைக் கத்தி படாமல் விற்றவனுடைய தாய்வீட்டுக் குசினிப்படியில் வைத்துவிட்டுப் போவான். கையிலே கொடுப்பதில்லை. படகை இழந்த வீட்டின் கை அந்த நேரத்தில் நீளக்கூடாது என்பது முன்னோர் கருத்து. றஜனி இதனை அறியாதவள் அல்லள். ஆனால் போரிலும் புயலிலும் படகை இழந்தவர்களையே அவள் கண்டிருந்தாள். விற்றவர்களைக் காணாத முப்பது ஆண்டுகளில் அந்த வழக்கம் அவளுடைய நினைவை விட்டு நழுவியிருந்தது.

"படியிலை," என்றாள்.

சிமியோன் உரலின் மேல் அமர்ந்தார். முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரமாகக் கரைக்குப் போகாத தம் காலைத்தான் அவர் ஏசினார். கரைக்குப் போயிருந்தால் படகு கைமாறியது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

மீனைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று றஜனி கேட்டாள். ஏலாது என்றார் அவர். விற்ற வீடு அந்த மீனைச் சமைத்து உண்ணாவிட்டால் வாங்கியவனுக்குக் கடல் கைகொடுக்காது. லியோன் என்ன பாவம் செய்தான்?

"சமை," என்றார். "வேறை என்ன செய்யிறது."

அவள் மீனை வெட்டினாள். கொடுவாயின் செதில்கள் பெரியவை. சேலையிலும் முடியிலும் தெறித்து ஒட்டின. அவற்றைத் தட்டிவிட அவள் முயலவில்லை.

இரண்டு மணிக்குப் பிரான்சிலிருந்து தமக்கை சின்னத்தங்கம் கைத்தொலைபேசியில் முகங்காட்டினாள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு போனவள். பின்வளவுக் குசினி மீண்டும் புகைகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் அழைத்து, அடுப்பைக் காட்டு, அம்மியைக் காட்டு என்று கேட்பது அவளுக்கு வழக்கமாயிருந்தது.

"எடி தங்கச்சி, உந்தப் புகைக்கூட்டை வடிவாக் காட்டன். மெய்யே, எனக்கு உதைப் பாக்கவே வயிறு நிறையுது."

"நிறைஞ்சால் நல்லதுதானே அக்கா."

"பகிடி இல்லையடி. இஞ்சை எங்கடை கீழ்வீட்டு வெள்ளைக்காரி பழஞ்சாமான் சந்தையிலை கரிப்பானை ஒண்டு வாங்கிக் குசினியிலை தூக்கிவைச்சிருக்கிறாள். அழகுக்காம். நான் சொன்னனான், எங்கடை ஊரிலை ஒரு குசினியே கிடக்குது எண்டு. அந்தக் காலம் வருமே? அடுப்படியிலை இருந்து கூழ் குடிச்சதை நினைச்சால் கண்ணீர் வருகுது."

அந்தக் காலத்திலும் இரவுகளில் பசித்தது என்று றஜனி சொல்லியிருக்கலாம். அன்றைய பானையின் அடியைச் சுரண்டுவதற்கு இருவரும் சண்டையிட்டதை அக்கா மறந்திருந்தாள். றஜனியும் அண்மைக்காலம்வரை மறந்தே இருந்தாள். பழைய அடுப்பை ஒரு காவற்கோட்டையாக எண்ணியதில் தனக்கும் அக்காவுக்கும் வேறுபாடு இல்லை என்பது அந்தக் கணத்தில் அவளுக்குத் தெளிவாயிற்று.

"அக்கா, சுபாஸ் போட்டை வித்துப்போட்டான். பிள்ளையையும் கொண்டு கடலாலை போகப்போறாங்கள். நீ ஒருக்கா அவனோடை கதை. உன்ரை சொல்லுக் கேப்பான்."

திரையில் அக்காவின் முகம் அப்படியே நின்றது. தொடர்பு அறுந்துவிட்டது என்றே றஜனி நினைத்தாள். அதன்பின் குரல் மட்டும் வந்தது.

"நான் என்னத்தையடி சொல்லுறது. இருக்கச் சொன்னால், இருக்கிறதுக்கு வழி சொல்ல வேணுமே." வாசலில் யாரோ அழைப்பதாகவும் பிறகு எடுப்பதாகவும் கூறி வைத்துவிட்டாள்.

மூன்றரை மணிக்கு முச்சக்கரவண்டியில் அவர்கள் வந்தார்கள். நிரோஜாவின் தோளில் ஒரு பெரிய பை. சுபாஸ் புதிதாக முகம் வழித்திருந்தான். லவீனா சப்பாத்து அணிந்திருந்தாள். வியர்வையில் அவளுடைய கழுத்து மின்னியது. தூக்கி அணைத்த றஜனியின் கை, சட்டைக்குள்ளே இன்னொரு சட்டையை உணர்ந்தது.

"இந்த வெக்கையிலை ரெண்டு சட்டையோ, குஞ்சு?"

"மூண்டு, அப்பம்மா. அம்மாதான் போட்டுவிட்டவ. பை கொள்ளாதாம்."

நிரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்தேகாலுக்குப் புறப்படவேண்டும், சந்தியில் ஒரு வேலை இருக்கிறது என்று சுபாஸ் சொன்னான். அப்படியா என்று மட்டும் றஜனி கேட்டாள். முன்வீட்டில் சிமியோன் பேத்தியை மடியில் இருத்தி, சப்பாத்தின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

குசினியில், பெரிய பானையில் அரிசியும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் மரவள்ளித் துண்டுகளும் அரைவேக்காட்டில் கிடந்தன. மீனும் இறாலும் இறங்கிவிட்டன. றஜனி நேரத்தைப் பார்த்தாள். நாலு மணி. அப்பொழுதுதான் அந்த எண்ணம் அவளுக்கு உண்டாயிற்று. பிள்ளைக்கு ஊட்டாமல் எந்தத் தாயும் புறப்பட மாட்டாள். கூழ் கொதிக்கும்வரை அவர்கள் இருப்பார்கள். கூழ் கொதிக்கப் பிந்தினால், சந்தியில் அவர்களை மன்னாருக்கு ஏற்ற நிற்கும் வான் வண்டி போய்விடும். வண்டி போனால் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு மனம் மாறலாம்.

அவள் பனைமட்டைகளை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தாள். ஒடியல்மாவைக் கரைத்து உரிய பதத்துக்கு முன்பே பானையில் ஊற்றினாள். பின்னர், கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, வாளியிலிருந்து இரண்டு செம்பு பச்சைத்தண்ணீரை மொண்டு அதற்குள் வார்த்தாள். முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சமைத்த கைகள் அவை.

நாலே முக்காலுக்குச் சுபாஸ் குசினிக்குள் வந்தான்.

"விறகை ஏன் அம்மா வெளியாலை இழுத்து வைச்சிருக்கிறியள்?"

"அடிப்பிடிக்கும்."

"தண்ணியே சுடேல்லை. என்னெண்டு அடிப்பிடிக்கிறது?" குனிந்து பானைக்குள் பார்த்தான். அகப்பையில் ஒட்டியிருந்த மீன்துண்டின் தடித்த தோலைப் பார்த்தான். "லியோன் வந்தவனோ?"

"ஓம். படியிலை வைச்சிட்டுப் போனவன்."

அவன் அடுப்பின் முன்னே குந்தினான். "என்ரை வாயாலை சொல்ல வேணும் எண்டுதான் இருந்தனான்."

"எப்ப? வண்டியிலை ஏறினாப் பிறகோ?"

"முந்திச் சொன்னால் விட்டிருப்பியளோ?"

"இண்டைக்கும் விடேல்லை, தம்பி."

அவன் சிரிக்க முயன்றான். விறகுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். "கடலுக்கு முன்னாலை குந்திக்கொண்டிருந்து மீன் வாங்கித் திண்டனான் அம்மா. இந்த ரெண்டு மாசமும். வரிசையிலை நிண்டு நிண்டு என்ரை கால் அப்பான்ரை கால் மாதிரிப் போச்சுது. பிள்ளைக்குப் பால்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வந்து வயிறு நிறையச் சாப்பிடுறம், ஓம். இந்தத் தாளிலை ஞாயிறு எழுதியிருக்குது. மிச்ச ஆறு நாளையும் ஆர் எழுதி ஒட்டுறது?"

றஜனி அந்த ஆறு நாட்களையும் அறிவாள். அவற்றிலிருந்தே ஞாயிற்றை எடுத்தவள் அவள். ஆனால் அதை இப்போது கூறினால் அவன் இன்னும் விரைவாகப் போவான் என்று எண்ணி அடக்கிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு நீந்தத் தெரியாது," என்றாள்.

"தேப்பனுக்குத் தெரியும்."

வாசலில் நிரோஜா வந்து நின்றாள். அவளுடைய கண்கள் அழுது ஓய்ந்தவை போலச் சிவந்திருந்தன. "மாமி, அவரைப் பேசாதையுங்கோ. நான்தான் சொன்னனான். பிள்ளை பள்ளிக்கூடத்திலை மயங்கி விழுந்தது. உங்களுக்குச் சொல்லேல்லை."

சுபாஸ் ஊதுகுழலை எடுத்து, கன்னம் புடைக்க ஊதினான். தீ எழுந்தது. பானை பெரிது, தண்ணீர் மிகுதி. பக்கங்களில் சிறு குமிழிகள் தோன்றி மறைந்தன. ஐந்து மணியாயிற்று. ஐந்து பத்து. இப்பொழுது றஜனியும் விறகைத் தள்ளினாள். போகத்தான் போகிறார்கள் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. உண்டுவிட்டாவது போகட்டும் என்று மட்டைகளை நெருக்கிவைத்தாள். ஆனால் வார்த்த தண்ணீரைத் திரும்ப எடுக்க வழியில்லை.

சுபாஸின் கைத்தொலைபேசி ஒலித்தது. "ஓம் அண்ணை. வாறம், வாறம். ரெண்டு நிமிசம்," என்றான்.

"அப்பம்மா, பசிக்குது," என்று லவீனா வந்து அடுப்படியில் நின்றாள்.

றஜனி அகப்பையால் அள்ளினாள். மா வெளிறி, கட்டிகட்டியாக மிதந்தது. வேகாத ஒடியல்மா தொண்டையைக் கயர்க்கும். தலையைச் சுற்றி வாந்தியை வருவிக்கும். கடலில் போகிற பிள்ளைக்கு அதை எவ்வாறு கொடுப்பது? அகப்பையைப் பானைக்குள்ளேயே கவிழ்த்தாள். வீட்டில் வேறு சமைத்த உணவு இல்லை. இருந்த அரிசி முழுவதும் அந்தப் பானைக்குள் இருந்தது. போத்தலைக் கவிழ்த்துத் தட்டிக் கடைசிப் பனங்கட்டித் துண்டை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. இப்ப கொதிச்சிடும்," என்றாள். அந்தக் கூழைப் பற்றி அவள் அவர்களுக்குச் சொன்னதில் உண்மை அது ஒன்றே.

"சந்தியிலை வான் நிக்காது அம்மா."

முன்வாசலில் சிமியோன் பேத்தியின் நெற்றியில் சிலுவை வரைந்தார். மகனை அவர் கட்டியணைக்கவில்லை. அவனுடைய தோளுக்கு மேலாக ஒழுங்கையைப் பார்த்தபடி, "காத்து விழுந்து கிடக்குது. அது நல்லம். மணல்தீடைக்குக் கிட்ட நீரோட்டம் இழுக்கும், ஓட்டுறவனுக்குச் சொல்லு. பிள்ளையை நடுவிலை இருத்து," என்றார். சுபாஸ் தலையாட்டினான். தாயின் முடியில் ஒட்டியிருந்த செதில் ஒன்றை விரலால் எடுத்துவிட்டு, முச்சக்கரவண்டியில் ஏறினான். கோவில் வளைவில் அது திரும்பியபோது மணி ஐந்து இருபத்தாறு.

றஜனி குசினிக்குத் திரும்பினாள். மூலையிலிருந்த விறகு எல்லாவற்றையும் ஒன்றாக அடுப்பில் திணித்தாள். இனி விறகு சேமிக்க வேண்டிய வாரம் எதுவும் இல்லை. தீ பானையின் கழுத்துவரை ஏறியது. சற்றுநேரத்தில் கூழ் தடித்து, புரண்டு, முழுமூச்சாகக் கொதிக்கத் தொடங்கியது. மீனும் புளியும் மிளகாயும் சேர்ந்த மணம் வளவைத் தாண்டி ஒழுங்கைக்குப் போயிற்று. அவள் அருகில் நின்று துழாவினாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சிமியோன் வந்து உரலில் அமர்ந்தார். அவள் ஐந்து பேருக்காகக் கோலிவைத்திருந்த, கூழ் குடிக்கும் பனையோலைப் பிழாக்களில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"எனக்கு இறங்காது," என்றாள் றஜனி.

"எனக்கும்தான். ஆனால் குடிக்க வேணும். லியோனும் பிள்ளைகுட்டிக்காரன். ஊத்து."

அவள் ஊற்றினாள். தனக்கும் ஒன்றில் ஊற்றிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி கீழே அமர்ந்து, முதல் மிடறை விழுங்கினாள். கூழ் நன்றாக வெந்திருந்தது. அப்பொழுது மாலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.